ஹேசல் அழுத்தாத பொத்தான்

ஹேசல் ஹார்டிஸ்டி தன் வாழ்நாளில் ஒரே ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். அவள் வேலை பார்த்த பள்ளிச் சமையலறைக்கு உருளைக்கிழங்கு போடுகிறவன் மூட்டை மூட்டையாக அழுகல் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாலு வரி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அஞ்சல் பெட்டி வரை போனவள் அப்படியே திரும்பி வந்து அதை அடுப்பில் போட்டுவிட்டாள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு பழக் கேக் போயிற்று. அவன் மனசு புண்பட்டிருக்குமாம். போய்ச் சேராத கடிதத்தால் எப்படி மனசு புண்படும் என்று கேட்டேன். "எழுதினது நானாச்சே, கண்ணு" என்றாள். பஸ் ஓட்டுநர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான்.

வட இங்கிலாந்தின் ஸ்கிப்டனில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இருபத்தாறு வருடமாக நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் குறை சொல்வதற்கென்றே பிறந்தவள். காலையில் பால் புட்டியின் மூடியில் ஆரம்பித்தால் மாலைச் செய்தி வாசிப்பவரின் கழுத்துப்பட்டையில் போய்த்தான் நிறுத்துவேன். ஹேசலுக்கோ உலகத்தில் எல்லாமே 'ரொம்ப நல்லா இருக்கு'. முடிதிருத்தும் பெண் பதினோரு வருடமாக அவளுக்குப் பிடிக்காத மாதிரியே வெட்டிக்கொண்டிருக்கிறாள். இவள் கண்ணாடியைப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பியதும் தொப்பி போட்டுக்கொள்வாள். ஒருமுறை லீட்ஸில் ரயில் ஏறினால், அவள் பதிவு செய்திருந்த இருக்கையில் யாரோ ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். பீட்டர்பரோ வரை ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போனாள். வழியில் அவன் விழித்துக்கொண்டான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் நின்றேன் என்று சொன்னால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

கணவர் கிளிஃபர்ட் பஸ் கம்பெனியில் மெக்கானிக். நல்ல மனுஷர். நாற்பத்திரண்டு வருடம் தினமும் காலையில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார், இரண்டு கரண்டி சர்க்கரையோடு. ஹேசல் சர்க்கரை சேர்க்காதவள். தேனிலவின் முதல் நாள் காலையில் ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லித் தொலைத்துவிட்டாள், அப்புறம் எப்படி மாற்றுவது? அவர் போய் ஆறு வருடமாகிறது. முதல் ஒரு மாதம் சர்க்கரை போடாத டீயை ஜன்னல் திரையை மூடிவிட்டுக் குடித்தாள். பிறகு திரையைத் திறந்தாள். அதற்கப்புறம் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினாள், காலை உணவுக்கு ஜாம் டார்ட் சாப்பிட ஆரம்பித்தாள், குளிக்கும் அறைக்குள் ரேடியோ போயிற்று. எழுபத்தொரு வயதில் அந்தச் சின்ன வீட்டுக்குள்தான் அவள் யாரிடமும் எதையும் நல்லா இருக்கு என்று சொல்லாமல் வாழ்கிறாள். அது எனக்குத் தெரியும். அவள் மகளுக்குத் தெரியாது.

மகள் அலிசன் தெற்கே சர்ரேயில் இருக்கிறாள். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. எதற்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடும் வேலை. மாடிப்படியைப் பார்த்தால் நமக்குப் படி தெரியும், அவளுக்கு உடைந்த இடுப்பெலும்பு தெரியும். போன வருடம் தன் வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலே அம்மாவுக்கென்று ஒரு அறை கட்டிவிட்டாள். வழுக்காத தரை, குளியலறையில் கைப்பிடி, சுவரெல்லாம் வெண்ணெய் நிறம். ஹேசலுக்குப் படம் அனுப்பினாள். ஹேசல் என்ன பதில் அனுப்பியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதிலை நம்பி அலிசன் வீட்டுத் தரகரிடம் பேசி, ஸ்கிப்டன் வீட்டுக்கு விலை மதிப்புப் போட வியாழக்கிழமை வரச் சொல்லியும்விட்டாள்.

அலிசனிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வின்டர்கில் ஹாலுக்குக் கூட்டிப் போகிறேன், நீங்களும் வாருங்கள், ஸ்பாவும் பிற்பகல் டீயும் என் செலவு, அங்கே வைத்து எல்லாவற்றையும் நல்லபடியாக முடிவு செய்துவிடலாம், நீங்களும் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் அம்மா கேட்பாள் என்றாள். நான் வருகிறேன் என்றேன். எந்த வார்த்தையை எடுத்துச் சொல்வேன் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஹேசலைப் பிடித்து, சர்ரேக்குக் குடிபோக வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். தேநீர்க் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வேண்டாம் கண்ணு. ஆனா அவ பெயின்டெல்லாம் அடிச்சுட்டாளே" என்றாள்.

வின்டர்கில் ஹால் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பிரபுவின் மாளிகை. வாரிசுகள் வரி கட்ட முடியாமல் விற்றதில் இப்போது ஹோட்டல். ஸ்பா இருப்பது பழைய குதிரை லாயத்தில். அந்தக் காலத்தில் அங்கே குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டப் பையன்களுக்குக் கூலி கொடுத்தார்கள். இப்போது தேய்க்கப்படுகிற நாங்கள் கூலி கொடுக்கிறோம். வாசலில் கடிவாளம் மாட்டும் கொக்கிகளை அப்படியே விட்டுவைத்து, அவற்றில் வெள்ளை அங்கிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உடம்பில் வலி, நோய், பிரச்சினை ஏதாவது உண்டா என்று இரண்டு பக்கம் கேள்வி. ஹேசலின் இடது கை பத்து வருடமாகக் காதுக்கு மேலே போகாது, பள்ளிச் சமையலறையின் பெரிய பாத்திரங்கள் செய்த வேலை. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்தாள். நான் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அலிசன் தனித்தாள் கேட்டு வாங்கினாள்.

அடுத்து காகித ஜட்டி. சுருட்டி ஒரு சின்ன உறையில் வைத்துக் கொடுத்தார்கள், கல்யாண வீட்டு இனிப்புப் பொட்டலம் மாதிரி. ஹேசல் அதைத் தலைக்குப் போடுவது என்று நினைத்துவிட்டாள். காலுக்கான ஓட்டைகள் வழியே இரண்டு பக்கமும் நரைமுடி நீட்டிக்கொண்டிருக்க, கெய்லி என்கிற இளம்பெண்ணின் முன்னால் போய் நின்றாள். கெய்லிதான் அவளுக்குச் சிகிச்சை செய்கிறவள். நல்ல பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ஹேசல் மன்னிப்புக் கேட்டாள். கெய்லியும் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் ஊரில் ஒருவர் கேட்டால் மற்றவர் கேட்டே ஆக வேண்டும். முதலில் நிறுத்துகிறவர் மரியாதை தெரியாதவர்.

ஹேசலுக்கு அலிசன் தேர்ந்தெடுத்திருந்தது கடற்பாசிப் பூச்சு. முகம் உட்பட உடம்பு முழுவதும் சூடான பாசிக் குழம்பைப் பூசி, கழுத்து வரை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதற்கு மேல் வெள்ளித்தாள், அதற்கும் மேல் மின்சாரப் போர்வை. இருபத்தைந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். கைகளும் உள்ளே போய்விடுவதால், அழைக்கும் பொத்தான் ஒன்றை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிவிடுவார்கள். என்ன வேண்டுமானாலும் அழுத்துங்கள், உடனே ஓடி வருவோம் என்று கெய்லி இரண்டு தடவை சொன்னாளாம். ஹேசலும் இரண்டு தடவை தலையாட்டினாளாம்.

பன்னிரண்டரைக்குக் கெய்லி சுற்றி முடித்தாள். பத்து நிமிடத்தில் கெய்லிக்கு ஒற்றைத் தலைவலி வந்து வாந்தியெடுக்க, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அவசரத்தில் மூன்றாம் அறையில் ஒரு கிழவி வெள்ளித்தாளுக்குள் கிடக்கிறாள் என்று யாரிடமும் சொல்லாமலே போய்விட்டாள்.

அதே நேரத்தில் அடுத்த அறையில் நான் மசாஜ் செய்கிறவளிடம் அழுத்தம் அதிகம், அழுத்தம் குறைவு, மூங்கில் குழல் இசை தலைவலியைத் தருகிறது, எண்ணெய் மூட்டுவலித் தைலம் மாதிரி நாறுகிறது என்று நாலு குறை சொல்லி, நாலும் சரியாகி, சுகமாகக் கிடந்தேன். கொடுத்த காசுக்கு நான்தான் முழுப் பலனையும் எடுத்தேன். காசு அலிசனுடையது என்பது வேறு விஷயம்.

இரண்டு மணிக்கு மாளிகையின் பெரிய கூடத்தில் டீக்கு மேசை போட்டிருந்தார்கள். மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரி சாண்ட்விச், ஸ்கோன், கட்டை விரல் அளவு கேக்குகள். அலிசன் வெண்ணெய் நிற அறையின் படங்களை மேசையில் பரப்பினாள். தரகர் பெயரும் வியாழக்கிழமையும் எழுதிய தாளை ஜாம் கிண்ணத்துக்கு அடியில் செருகினாள். ஹேசல் வரவில்லை. இரண்டு பத்து ஆயிற்று, இரண்டு இருபது ஆயிற்று. போய்க் கேட்கலாமே என்றேன். வேண்டாம், ஏதாவது என்றால் அவர்களே வந்து சொல்வார்கள், தொந்தரவு செய்யக் கூடாது என்றாள். ஆபத்தைக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிற பெண் ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரே ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு இருபத்தைந்துக்கு நான் எழுந்து போய், வரவேற்பு மேசையில் குரலை உயர்த்தினேன். அந்த மாளிகையில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். கறுப்பு வேஸ்ட் கோட் போட்ட மேனேஜர் ஓடி வந்தார். பெயர் பெனடிக்ட், முப்பது வயது இருக்கும். ஏடுகளைப் புரட்டினார், முகம் வெளுத்தது. மூன்றாம் அறையின் கதவைத் திறந்தோம்.

போர்வை தானாக அணைந்து எப்போதோ குளிர்ந்துவிட்டது. முகத்தில் பாசி இறுகி, மழை பெய்யாத குளத்தின் அடிமண்ணாக வெடித்திருந்தது. அதற்கு நடுவில் இரண்டு நீலக் கண்கள் எங்களைப் பார்த்தன. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அந்த மண் வாய் திறந்து பேசியது.

"மன்னிச்சுக்கோ கண்ணு. டீ ஆறிப்போச்சா?"

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பொத்தான் உள்ளங்கையிலேயே இருந்தது. ஏன் அழுத்தவில்லை என்று நான் கத்தியதற்கு, அந்தப் பெண் பாவம் வேலையாக இருப்பாள் என்று நினைத்தாளாம். முதல் அரை மணி அப்படி. அதற்கப்புறம் அழுத்தினால், ஏன் இத்தனை நேரம் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பார்களே என்று வெட்கமாகிவிட்டதாம். எனக்கு அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, நாலு போடவும் தோன்றியது. பாசியாக இருந்ததால் இரண்டும் முடியவில்லை.

குளித்துவிட்டு, காதுக்குப் பின்னால் பச்சை ஒட்டியிருக்க, வெள்ளை அங்கியோடு அவள் கூடத்துக்கு வந்தபோது மூன்று மணி. பெனடிக்ட் பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்தார். இன்றைய பணம் திருப்பித் தரப்படும், அதோடு மூன்று பேருக்கும் இன்னொரு முழு நாள் இலவசம் என்றார். ஹேசல் அவரிடம், உங்கள் பாசி ரொம்ப நல்லா இருந்தது, அந்தப் பெண்ணைத் திட்டிவிடாதீர்கள் என்றாள். அவர் போனார்.

அலிசன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதைவிட மோசம், பொறுமையாகப் பேசினாள்.

"பாத்தியாம்மா? இதைத்தான் நான் ரெண்டு வருஷமாச் சொல்றேன். நாளைக்கு வீட்டுல விழுந்தா என்ன பண்ணுவ? ஃபோன் பக்கத்துலயே இருக்கும். நீ யாரையும் கூப்பிட மாட்ட. தரையில கிடப்ப, நாள் கணக்கா."

ஹேசலுக்காகச் சண்டை போடத்தான் வந்திருந்தேன், ஆனால் அலிசன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஹேசல் அந்த வெண்ணெய் நிறப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரப்போகிற மூன்று வார்த்தையும் எனக்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் இனி யாரோ குடிவரப் போகிறார்கள் என்றும் தெரிந்தது.

"நீ சொல்றது சரிதான்" என்றாள் ஹேசல். "விழுந்தாக் கூப்பிட மாட்டேன். கிடப்பேன்."

"அப்புறம் என்னம்மா?"

"பொத்தான் என் கையிலயே இருந்துச்சு, அலிசன். சும்மா ஒரு விரல் அழுத்தினாப் போதும். அழுத்தலை." படங்களை ஒன்றாகச் சேர்த்து மகள் பக்கம் நகர்த்தினாள். "உன் வீட்டுக்கு வந்தா மட்டும் அழுத்துவேனா? நீ என்னைப் பத்திரமா, சூடா, அழகாச் சுத்தி வைப்ப. நான் ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே கிடப்பேன். பதினஞ்சு வருஷம்கூடக் கிடப்பேன். நீ கண்டுபிடிக்கவே மாட்ட. அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் வரலை. வேண்டாம்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் மகளை நோக்கி வந்து நான் கேட்டதில்லை. அலிசனும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"அப்போ கிறிஸ்துமஸ்? வருஷா வருஷம் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறப்போ ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவியே. அதுல எது நிஜம்? ஒண்ணாவது நிஜமாம்மா?"

நானாக இருந்தால் எல்லாமே நிஜம் என்று புளுகியிருப்பேன். ஹேசல் நிஜமாகவே யோசித்தாள். யோசிக்க யோசிக்க அலிசனின் கண் நிறைந்துகொண்டே வந்தது.

"ஒரு வருஷம் கரண்ட் போச்சே" என்றாள் ஹேசல். "வான்கோழி பாதி வெந்தபடியே நின்னுபோச்சு. காருல ஹீட்டர் போட்டுக்கிட்டு சீஸ் சாண்ட்விச் தின்னோம். அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அன்னிக்கு நான் பாத்ரூம்ல போய் அழுதேன்மா."

"தெரியும். அப்புறம் காருல என் மேல சாஞ்சு தூங்கிட்ட. அதனாலதான் நல்லா இருந்துச்சு."

அலிசன் சிரித்தாள், அழுதாள், துணி நாப்கினில் மூக்கைச் சிந்தினாள். வின்டர்கில் ஹாலில் அதற்குத் தண்டனை உண்டோ என்னவோ. தரகரின் பெயர் எழுதிய தாளை ஜாம் கிண்ணத்தின் அடியிலிருந்து எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஆனால் கணக்குப் போடுகிறவள் கணக்குப் போடுகிறவள்தான், சும்மா விடுவாளா? ஒரு நிபந்தனை வைத்தாள். தினமும் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். இன்றைக்கு என்ன சரியில்லை என்றுதான் கேட்பேன். தினம் ஒரு குறை, நிஜமான குறை, சொல்லியாக வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒன்றுமில்லை என்றால் அடுத்து வரும் வியாழக்கிழமை தரகர் வாசலில் நிற்பார்.

ஹேசல் திணறிப்போனாள். வீட்டைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் குறைக்கு எங்கே போவது? ஆறாக ஐந்து நிமிடம் இருக்கும்போது என் கதவைத் தட்டி, கைமாற்றாக ஒன்று கொடு என்பாள். என்னிடம்தான் மலிவாயிற்றே, தாராளமாகக் கொடுத்தேன். குப்பை வண்டி, சர்ச்சில் ஹீட்டர், கசாப்புக் கடைக்காரனின் தராசு. இரண்டாம் வாரமே அலிசன் பிடித்துவிட்டாள். இதெல்லாம் பக்கத்து வீட்டுக் குறை, உன்னுடையது எங்கே என்று கேட்டுவிட்டாள். மறுநாள் ஹேசலிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் நான் அவள் சமையலறையில் இருந்தேன். தட்டில் பயறும், மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை'யும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துவிட்டது. நான் மேசைக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டேன்.

"சொல்றேன் இரு" என்றாள். "நீ கூப்பிடற நேரம் சரியில்லை. ஆறு மணிக்கு நான் சாப்பிட உக்காருவேன். தினம் ஆறிப்போகுது."

பிறகு அலிசனின் குரல் எனக்கே கேட்டது. எத்தனை நாளாக என்று கேட்டாள்.

"முதல் நாள்லேர்ந்து" என்றாள் ஹேசல்.

மறுநாள் ஆறு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. ஹேசல் சூடான தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அடிக்காத ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், ஒரு வாய்கூட இறங்கவில்லையாம். ஏழு மணிக்கு அலிசன் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன சரியில்லை என்று கேட்டபோது அதையும் சொல்லிவிட்டாள்.